ஓர் இனம், பல நிறம்: கறுப்பின அமெரிக்கர்களுக்குள் தோலின் தரவரிசை

அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பற்றித் தமிழில் எழுத முற்படும்போது முதலில் எதிர்ப்படுவது ஒரு சொற்சிக்கல். வெள்ளையர் கறுப்பரை ஒடுக்குவதைக் குறிக்க 'நிறவெறி' என்ற சொல்லையே நம் இதழ்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வருவதால், கறுப்பினத்துக்குள்ளேயே வெளிர்நிறத் தோல் உடையவர் உயர்வாகவும் அடர்நிறத் தோல் உடையவர் தாழ்வாகவும் மதிக்கப்படும் வழக்கத்தைச் சுட்டுவதற்குத் தனிச்சொல் இல்லாமல் போயிற்று. ஆங்கிலத்தில் அதைக் 'கலரிசம்' என்பர். எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் 1982-இல் எழுதி, 1983-இல் வெளிவந்த தம் கட்டுரைத் தொகுப்பில் சேர்த்த ஒரு கட்டுரையின் வழியாக அச்சொல் பரவியது. இங்கு அது நிறப்பாகுபாடு எனப்படும். ஒருவர் எந்த இனத்தவர் என்று பார்ப்பது இனவெறி. அந்த இனத்துக்குள் அவருடைய தோல் எவ்வளவு கறுப்பு என்று அளப்பது நிறப்பாகுபாடு. பின்னது முன்னதன் வயிற்றில் பிறந்தது என்பதையும், அழகு பற்றிய ரசனையாக மட்டும் அதைப் பேசுவோர் அதன் பொருளாதார வேரைக் காணத் தவறுகிறார்கள் என்பதையும் வரலாறு தெளிவாகவே காட்டுகிறது.

வர்ஜீனியா குடியேற்ற நாட்டின் சட்டமன்றம் 1662-இல் இயற்றிய சட்டம், பிறக்கும் குழந்தை அடிமையா சுதந்திரரா என்பதைத் தாயின் நிலையே தீர்மானிக்கும் என்று விதித்தது. தந்தைவழியே குடும்ப உரிமை இறங்கும் ஆங்கிலேய மரபுக்கு நேர்மாறான இவ்விதியால், அடிமைப் பெண்ணை வன்புணர்ந்த முதலாளிக்கு, அவளுக்குப் பிறந்த தன் சொந்தக் குழந்தையே உடைமையாயிற்று. கறுப்பினத்தவரிடையே காணப்படும் வெளிர்நிறத்தின் பெரும்பகுதி இந்த வன்முறையிலிருந்து வந்தது என்பதை மறந்துவிட்டு அந்நிறத்தின் மதிப்பைப் பேச இயலாது. அவ்வாறு பிறந்தவர்களில் சிலரைத் தந்தையர் விடுவித்தனர். சிலருக்குத் தச்சு, தையல் போன்ற கைத்தொழில்கள் கற்பிக்கப்பட்டன. பெரும்பாலோர் வயலிலோ வீட்டிலோ அடிமைகளாகவே மடிந்தனர். எனினும் வேறுபாடு எண்ணிக்கையில் தெரியும் அளவுக்கு இருந்தது. கலப்பினத்தவரை 'முலாட்டோ' என்று முதன்முறையாகத் தனியே பதிவுசெய்த 1850-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், சுதந்திரக் கறுப்பினத்தவருள் ஏறத்தாழ 37 விழுக்காட்டினர் அப்பிரிவில் இருக்க, அடிமைகளுள் 8 விழுக்காட்டினரே அப்பிரிவில் இருந்தனர். விடுதலையும் தொழிலும் எழுத்தறிவும் ஒரு தலைமுறைக்கு முன்னதாகவே யாருக்குக் கிட்டினவோ, அவர்களின் பிள்ளைகள் உள்நாட்டுப் போருக்குப் பின் அடிமைமுறை ஒழிந்தபோது அந்த முன்தொடக்கத்தோடு வாழ்வைத் தொடங்கினார்கள்.

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் நிகழ்ந்தது இதற்கு மிகத் துல்லியமான சான்று. அங்கே தூய பிலிப் தேவாலயத்தில் வழிபட்டுவந்த சுதந்திரக் கலப்பினத்தவர், வெள்ளையரின் கல்லறைத் தோட்டத்தில் தங்களுக்கு இடமில்லாததால், 1790-இல் 'பிரவுன் ஃபெலோஷிப் சொசைட்டி' என்ற சங்கத்தை நிறுவித் தமக்கென்று இடுகாடு அமைத்துக்கொண்டனர். விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் உதவினர். உறுப்பினர் எண்ணிக்கை 50-க்குள், நுழைவுக்கட்டணம் 50 டாலர் என்று வரம்பு வகுத்த அச்சங்கம் பழுப்பு நிறத்தவருக்கு மட்டுமே திறந்திருந்தது. அடர்நிறச் சுதந்திரர்கள் 1843-இல் தாமஸ் ஸ்மால்ஸ் தலைமையில், தங்கள் தோல்நிறத்தையே பெயரில் ஏந்திய ஒரு சங்கத்தைத் தொடங்கி, பழைய சங்கத்தின் இடுகாட்டை அடுத்தே தங்கள் இடுகாட்டை அமைத்தனர். வெள்ளையரால் இடுகாட்டில் விலக்கப்பட்டவர்களே தம்மினும் கறுத்தவர்களை விலக்கினார்கள் என்பது வேதனைக்குரியது. ஆயினும் வெள்ளையரின் பொறுமையை நம்பியே தம் சுதந்திரம் நிலைக்கிறது என்று அஞ்சிய ஒரு சிறு குழு, அடிமைகளோடு தான் சேர்த்து எண்ணப்படக்கூடாது என்று நடத்திய தற்காப்பாகவும் அதைக் காண வேண்டும்.

அடிமைமுறை ஒழிந்த பின்னும் இந்த வேலி சமூக வாழ்வில் நீடித்தது. மணிக்கட்டில் நீல நரம்பு தெரியுமளவு வெளிர்ந்தவர்களே சேரத்தக்கவர் என்று பேசப்பட்ட 'நீல நரம்பு' சங்கங்களைச் சார்ல்ஸ் செஸ்நட் 1898-இல் வெளியிட்ட ஒரு சிறுகதையில் சித்திரித்தார். பழுப்புக் காகிதப் பையைவிடக் கறுத்தவருக்கு விருந்திலோ சங்கத்திலோ இடமில்லை என்ற 'காகிதப் பைச் சோதனை' எழுதப்பட்ட விதியாக அன்றி, பல குடும்பங்களின் வாய்மொழி நினைவாகவே வழங்கிவருகிறது.

வெளிர்நிறச் சலுகை என்பது ஒடுக்குமுறையிலிருந்து விலக்கு அன்று என்பதையும் இவ்விடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டும். மூதாதையருள் ஒருவர் கறுப்பராயினும் முழுக் கறுப்பரே என்னும் 'ஒருதுளி விதி'யை வர்ஜீனியா 1924-ஆம் ஆண்டின் இனத்தூய்மைச் சட்டத்தில் எழுதிவைத்தது. அச்சட்டத்தின் கலப்புமணத் தடையை உச்ச நீதிமன்றம் 1967-இல்தான் செல்லாததாக்கியது. பொன்னிற முடியும் நீலக் கண்ணும் கொண்ட கறுப்பின உரிமைப் போராளி வால்டர் வைட், வெள்ளையராகத் தோன்றிய தம் தோற்றத்தையே பயன்படுத்தித் தென்மாநிலங்களில் கும்பல்கொலைகளைத் துப்பறிந்தார். ஆயினும் சட்டத்தின் முன் அவர் கறுப்பர், தம் விருப்பத்திலும் கறுப்பர். இன்றும் வெளிர்நிறத்தவர் பலர், 'நீ உண்மையில் கறுப்பினத்தவள்தானா' என்ற ஐயத்தைத் தம்மவர் வாயிலிருந்தே கேட்கிறார்கள். அந்த வலி மெய்யானது. ஆனால் அடர்நிறத்தவருக்கு ஊதியத்திலும் தண்டனையிலும் தெரியும் இழப்புக்கு அது ஈடாகாது.

நியூயார்க் நகரின் ஹார்லெமில் 1962-இல் அடர்நிற மாடல்களை இயற்கையான முடியோடு மேடையேற்றிய 'நேச்சுரலி '62' நிகழ்ச்சி தொடங்கி, 'கறுப்பே அழகு' என்ற முழக்கம் அந்தப் பத்தாண்டு முழுவதும் ஓங்கி ஒலித்தது. தோலை வெளுக்கச் செய்யும் பூச்சுகளின் விளம்பரங்களைக் கறுப்பின இதழ்களிலேயே பார்த்து வளர்ந்த பெண்களுக்கு அது பெரும் விடுதலை. மனத்தில் நிகழ்ந்த அந்த மாற்றம் பொருளாதாரத்தைத் தொட்டதா? 1979-80-இல் நாடளாவிய அளவில் கறுப்பினத்தவரிடம் எடுக்கப்பட்ட மாதிரிக் கணக்கெடுப்பில், நேர்காண்போர், பதிலளித்த ஒவ்வொருவரின் தோல்நிறத்தையும் ஐந்து படிகளில் குறித்துவைத்தனர். அத்தரவுகளை ஆராய்ந்து வெர்னா கீத்தும் செட்ரிக் ஹெரிங்கும் 1991-இல் வெளியிட்ட ஆய்வு, பெற்றோரின் நிலையைக் கணக்கில் கொண்ட பிறகும் வெளிர்நிறத்தவர் கல்வியிலும் தொழிலிலும் வருமானத்திலும் முந்தி நிற்பதைக் காட்டிற்று. பழைய முன்தொடக்கம் குடும்பவழி இறங்கிய சொத்தாக மட்டும் நின்றிருந்தால் பெற்றோரின் நிலையோடு அது கரைந்திருக்க வேண்டும். கரையாமல் எஞ்சியதை வேலை கொடுப்போரும் ஆசிரியரும் நீதிபதியும் இன்றைக்கும் சேர்க்கிறார்கள் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. 1995 முதல் 2009 வரை வட கரோலினாச் சிறைகளில் அடைக்கப்பட்ட 12,158 கறுப்பினப் பெண்களைப் பற்றி 2011-இல் வெளிவந்த ஆய்வில், வெளிர்நிறத்தவர் எனப் பதிவானோருக்கு விதிக்கப்பட்ட தண்டனைக்காலம் ஏறத்தாழ 12 விழுக்காடு குறைவாக இருந்தது.

1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம், வேலைவாய்ப்பில் பாகுபாடு கூடாத காரணங்களாக இனத்தையும் நிறத்தையும் தனித்தனியே பெயர் குறிக்கிறது. ஒரே இனத்தவர் இருவருக்கிடையே பாகுபாடு எவ்வாறு எழும் என்ற வாதத்தை 1989-இல் அட்லாண்டாவின் கூட்டாட்சி நீதிமன்றம் ஏற்க மறுத்து, 'நிறம்' என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு என்று தீர்ப்பளித்தது. ஆனால் அவ்வழக்கில் முறையிட்டவர், அடர்நிற மேலாளர்மீது குறைசொன்ன ஒரு வெளிர்நிறப் பெண். அடுத்த கட்ட விசாரணையில் அவர் தோற்றார். நிறுவனங்கள் அரசுக்குத் தரும் பணியாளர் கணக்கில் இனத்துக்குக் கட்டம் இருக்கிறது, தோல்நிறத்துக்கு இல்லை. பத்துக் கறுப்பினத்தவரை வேலைக்கு எடுத்த ஒரு நிறுவனம் அவர்களுள் அடர்நிறத்தவர் ஒருவரைக்கூடச் சேர்க்கவில்லை என்றாலும், அந்தப் படிவத்தில் அது தென்படாது.