ஓட்டுக் கணவாயை வீட்டில் வளர்க்கலாமா?

சங்கரன்கோவிலுக்குக் கடல் கிடையாது. கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடி போய்ச் சேர ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். ஆனாலும் எங்கள் ஊரில் லவ் பேர்ட்ஸ் வளர்க்கிற வீட்டுக்குள் நுழைந்தால், கூண்டுக் கம்பியில் கடலின் துண்டு ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். வெள்ளை வெளேரென்று, சின்னப் படகு மாதிரி, ஒரு பக்கம் கெட்டியாகவும் மறுபக்கம் நகம் பட்டாலே பொடி உதிர்வதாகவும் இருக்கும். சுண்ணாம்புச் சத்துக்காகக் குருவிகள் அதைக் கொறித்துக்கொண்டே இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் இதற்குக் ‘கடல் நுரை’ என்று பெயர். நுரைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஓட்டுக் கணவாயின் முதுகுத் தோலுக்கு அடியில் இருந்த ஓடு அது.

மீன் சந்தையில் பழகியவர்களுக்கு மூன்று கணவாய் தெரியும். நீளமாக, உள்ளே கண்ணாடி போன்ற மெல்லிய தண்டு உள்ளது ஊசிக் கணவாய். எட்டுக் கால்களோடு எலும்பே இல்லாதது பேய்க் கணவாய், அதாவது ஆக்டோபஸ். அகலமாக, உள்ளே இந்த வெள்ளை ஓடு உள்ளது ஓட்டுக் கணவாய். மூன்றும் பங்காளிகள். மீன் என்று சொல்லி விற்றாலும் எதுவும் மீன் இல்லை. நத்தை, சிப்பி வகையறா.

எங்கள் தெருவில் தறி ஓட்டுகிறவரின் மகன் ஒருவன் கல்லூரியில் படிக்கிறான். கப்பி, ஃபைட்டர், கோல்ட் ஃபிஷ் எல்லாம் வளர்த்து முடித்துவிட்டான். போன மாதம் கைபேசியில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு வந்து, “அண்ணாச்சி, நம்ம வீட்டுத் தொட்டியில கணவாய் வளக்க முடியுமா?” என்றான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் அந்த ஓடு. குறுக்கே உடைத்து வெளிச்சத்தில் பிடித்தால் மெல்லிய தட்டுகள் அடுக்கடுக்காகத் தெரியும். கணவாய் வளர வளர ஒவ்வொரு தட்டாகச் சேரும். தட்டுகளுக்கு இடையில் உள்ள அறைகளில் பாதி திரவம், பாதி காற்று. மிதக்க வேண்டுமானால் அறைகளிலிருந்து உப்பை இழுக்கும்; உப்பின் பின்னால் தண்ணீரும் வெளியேறிவிடும், உடல் லேசாகும். அடியில் கிடக்க வேண்டுமானால் தண்ணீரை உள்ளே விடும். 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிளிமத் கடலாய்வுக் கூடத்தில் டென்டனும் கில்பின்-பிரவுனும் இதைத் துல்லியமாக அளந்து காட்டினார்கள். குருவி கொறிப்பது ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் மிதவைத் தொட்டியை என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது தோல். நிறமி நிரம்பிய நுண்ணிய பைகள் தோல் முழுக்கப் பரவியிருக்கின்றன. ஒவ்வொரு பையைச் சுற்றியும் தசைகள். தசை இழுத்தால் பை விரிந்து நிறம் தெரியும், விட்டால் சுருங்கி மறையும். மூளையே நரம்பு வழியாக இந்தத் தசைகளை இயக்குவதால், மணலில் மணலாகவும் பாறையில் பாறையாகவும் மாற அதற்கு ஒரு நொடிகூட வேண்டாம். இத்தனை வண்ணஜாலம் செய்கிற கணவாய்க்கு நிறம் பிரித்தறியத் தெரியாது என்பதுதான் வேடிக்கை. அதன் கண்ணில் ஒளியை உணரும் நிறமி ஒரே ஒரு வகைதான்.

ஆஸ்திரேலியாவில் உள்ள ஒரு வகைக் கணவாயைப் பற்றி மக்குவாரி பல்கலைக்கழகத்தினர் 2012-ல் எழுதியதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர் சாமிதான் நினைவுக்கு வந்தது. ஆண் கணவாய் ஒன்று, ஒரு பக்கம் பெண்ணும் மறுபக்கம் போட்டிக்கு இன்னொரு ஆணும் இருக்கும்படி நடுவில் நிற்கிறது. பெண் இருக்கும் பக்கத்து உடம்பில் ஆணின் கோலம். போட்டியாளன் பார்க்கும் பக்கத்தில் பெண்ணின் கோலம். அவன் இரண்டு பெண்கள் என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுகிறான். ஒரு பாதி சிவன், ஒரு பாதி பெருமாளாக நிற்கும் சங்கரநாராயணரைக் கும்பிட்டு வளர்ந்தவர்களுக்கு ஓருடலில் இரு கோலம் புதிதில்லை. ஆனால் அங்கே, இருவரில் யார் பெரியவர் என்ற பக்தர்களின் சண்டையை நிறுத்த எடுத்த கோலம். இங்கே சுத்தமான ஏமாற்று வேலை.

இனி வளர்ப்புக்கு வருவோம். நம் கடலில் நிறையப் பிடிபடும் பெரிய ஓட்டுக் கணவாய் ஏறக்குறைய ஒரு முழம் வரை வளரக்கூடியது. வீட்டுத் தொட்டிக்கு ஆகாது. வெளிநாடுகளில் வீட்டில் வளர்ப்பவர்கள் இந்தோனேசிய, பிலிப்பைன்ஸ் கடல்களின் குட்டை வகையை வைத்திருக்கிறார்கள்; அது கைக்கு அடக்கமாகவே நின்றுவிடும். அதற்கே சில நூறு லிட்டர் தண்ணீர் வேண்டும்.

தண்ணீர்தான் முதல் சோதனை. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. நானூறு லிட்டர் தொட்டிக்கு 14 கிலோ. சமையல் உப்பைக் கொட்டினால் வேலைக்காகாது. கடல்நீரின் மற்ற தாதுக்களும் சேர்ந்த செயற்கைக் கடல் உப்பு தேவை. நம் ஊர் போர் தண்ணீரில் அதைக் கரைக்கக் கூடாது, ஆர்.ஓ. தண்ணீரில் கரைக்க வேண்டும். பிறகு கழிவின் அம்மோனியாவைத் தின்று தீர்க்கும் பாக்டீரியாக்கள் தொட்டியில் குடியேற ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். சித்திரை வெயிலில் தண்ணீர் சூடேறாமல் இருக்கக் குளிரூட்டும் கருவி வேண்டும். கரண்ட் போனால் காற்று பம்ப்புக்கு பேட்டரி வேண்டும். மூன்று இதயங்கள் இருந்தாலும் கணவாயின் இரத்தம் பிராணவாயுவைச் சுமப்பதில் நம் இரத்தத்துக்கு ஈடாகாது. நம் இரத்தத்தில் இரும்பு. அதன் இரத்தத்தில் செம்பு, அதனால் நீல நிறம். ஆனால் அதே செம்பு தண்ணீரில் துளி கலந்தாலும் அதற்கு விஷம். மீன்களின் வெள்ளைப்புள்ளி நோய்க்குக் கடையில் தரும் மருந்துகள் பலவற்றில் செம்புதான் இருக்கும். பழைய மீன் தொட்டியைக் கழுவிக் கணவாய்க்கு விடலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க.

கணவாய் பயந்தால் பின்னோக்கிப் பாயும். கடலில் அது தப்பிக்கும் வழி. தொட்டியில் கண்ணாடியில் முட்டிக்கொள்ளும் வழி. பின்பக்கம் தோல் கிழிந்து ஓடு வெளியே தெரிகிற அளவுக்குப் புண்ணாகும். பயத்தில் மையும் கக்கும். அரை வாளித் தண்ணீரைக் கறுப்பாக்கும் அந்த மை கடலில் கரைந்து போய்விடும், தொட்டியில் எங்கே போகும்? உடனே தண்ணீர் மாற்ற வேண்டும். அதற்காகக் கடல்நீர் எப்போதும் தயாராக இருக்க வேண்டும்.

தீனி இன்னும் பெரிய தலைவலி. பொரித்த குஞ்சு ஒரு பயறு அளவுதான் இருக்கும். ஆனால் முதல் நாட்களிலேயே உயிருள்ள இரைதான் கேட்கும். நீந்துகிற பொடி இறால் வேண்டும். மாத்திரை உணவைத் திரும்பியும் பார்க்காது. வளர்ந்த பிறகு செத்த இறாலுக்கும் மீன் துண்டுக்கும் பழக்கலாம். பழகிவிட்டால் வேளைக்குக் கண்ணாடி அருகே வந்து நிற்கும். W வடிவக் கண்மணியால் நம்மைப் பார்க்கும். முன்கைகள் இரண்டைத் தூக்கி ஆட்டும். வளர்ப்பவர்கள் சொக்கிப் போகும் இடம் இதுதான்.

இதெல்லாம் வெளிநாட்டார் மட்டும் செய்த காரியம் இல்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விழிஞ்சம் நிலையத்தில் நம் கடல் ஓட்டுக் கணவாயை முட்டையிலிருந்து வளர்த்து, அதன் வளர்ச்சியையும் நடத்தையையும் இணைசேர்வதையும் பதிவு செய்திருக்கிறார்கள். அனில் முதலானோரின் அந்தக் கட்டுரை 2005-ல் வெளிவந்தது. முட்டைகள் வெள்ளைத் திராட்சைக் கொத்துப் போல இருக்கும். இரண்டு வாரம் போலப் பொரிக்க எடுத்துக்கொள்ளும். ஏழெட்டு மாதத்தில் கணவாய்கள் அரைக் கிலோ அளவுக்கு வந்துவிட்டன. ஆட்டுக்குட்டிகூட அந்த விகிதத்தில் வளராது.

அந்த வேகத்துக்கு ஒரு விலை இருக்கிறது. தண்ணீர் சரி, தீனி சரி, நோய் இல்லை, முட்டலும் இல்லை என்றாலும் ஓராண்டு, மிஞ்சினால் இரண்டாண்டு. இணை சேர்ந்து முட்டையிட்டதும் தீனி குறையும். கண்கள் வெளிறும். தோல் நிறம் மாற்றுவதில் தடுமாறும், ஆறாத புண்கள் வரும். தொட்டியில் மிதந்து கிடந்து செத்துப்போகும். வளர்ப்பவர் தன் மேல் பிழை தேடித் தண்ணீரைச் சோதித்துக்கொண்டே இருப்பார். பிழை எதுவும் இருக்காது. பங்காளியான ஆக்டோபஸில் 1977-ல் ஜெரோம் வோடின்ஸ்கி என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைக் காட்டினார். முட்டையிட்ட பெண் ஆக்டோபஸின் கண்ணருகே உள்ள சுரப்பிகளை நீக்கியதும், அது அடைகாப்பதை விட்டுவிட்டு மறுபடி தின்ன ஆரம்பித்துக் கூடுதல் நாள் வாழ்ந்தது. சாவுக்கான உத்தரவு உடம்புக்குள்ளேயே இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜின் அலெக்சாண்ட்ரா ஷ்னெல் குழுவினர் 2021-ல், பிடித்த இறாலுக்காகக் கணவாய்கள் இரண்டு நிமிடம் வரை பொறுத்திருக்கும் என்று காட்டினார்கள். அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வில், இளசுகளையும், மனிதக் கணக்கில் தொண்ணூறு வயதுக் கிழங்களையும் சோதித்தார்கள். எப்போது, எங்கே, என்ன தின்றோம் என்ற நினைவு கிழங்களுக்கும் குறையவில்லை. அதாவது கடைசி நாட்களிலும் தீனி போடும் நேரமும் இடமும் அதற்கு ஞாபகமிருக்கும், தின்னத்தான் மாட்டாது.

பையனுக்கு நான் சொன்னது இதுதான்: இப்போது வேண்டாம். ஆசை விடவில்லை என்றால், முதலில் ஆறு மாதம் கணவாய் இல்லாமல் வெறும் கடல்நீரை மட்டும் தொட்டியில் வைத்துப் பார். உப்பு, சூடு, அம்மோனியா மூன்றையும் தினம் நோட்டில் எழுது. ஒரு கோடையையும் அத்தனை கரண்ட் கட்டையும் அந்தத் தண்ணீர் தாங்கிவிட்டால் வா, மேற்கொண்டு பேசுவோம். நோட்டு வாங்கிவிட்டான். இன்னும் தொட்டி வாங்கவில்லை.