கடல் மீன் தொட்டி: பவளத்தைத் தொடாமல் வளர்க்கும் முறை

தங்க மீனும் கப்பியும் வளர்த்துப் பழகிய வீடுகளில் அடுத்து எழும் ஆசை கடல் மீன் தொட்டி. ஆரஞ்சு உடலில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் வேண்டும். அது ஒளிந்து விளையாடப் பவளப்பாறை வேண்டும். கடலிலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் திண்டுக்கல்லிலும் கோமாளி மீனை வளர்க்க முடியும். பவளத்தைத்தான் மறந்துவிட வேண்டும்.

பவளம் கல் அல்ல, பிராணி. நுண்ணிய உயிர்கள் கூட்டமாக வாழ்ந்து, சுண்ணாம்பைச் சுரந்து கட்டும் வீடுதான் பவளப்பாறை. பாறை கட்டும் பவள வகைகள் அனைத்தும் 2001-ம் ஆண்டு முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. கடல் விசிறியும் கடல் குதிரையும் அதே பட்டியலில் சேர்ந்தவை. உயிருள்ளதாயினும் காய்ந்த துண்டாயினும், எடுப்பதும் விற்பதும் குற்றம். வாங்கி வைத்தவரும் தப்ப முடியாது. தண்டனை 3 ஆண்டுகளுக்குக் குறையாத சிறை. யாராவது மலிவாகத் தருவதாகச் சொன்னால் வாங்காதிருப்பதே நல்லது.

இச்சட்டத்திற்குக் காரணம் உண்டு. இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரையுள்ள மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிய பவளப்பாறைகளை, சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டடத்திற்கும் பல ஆண்டுகள் வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்த பாறை போனதும் கரை அரித்தது. 21 தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கிவிட்டன. 1986-ல் அப்பகுதி கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அதன் பின்னும் 2010, 2016-ம் ஆண்டுகளில் கடல் நீர் சூடேறிப் பவளம் வெளுத்தது. எஞ்சியிருப்பதையும் நம் கூடத்துக்குக் கொண்டுவருவது நியாயமல்ல.

பவளத்துக்குப் பதிலாக மெருகிடாத மண்பானையின் துண்டுகளையும் பழைய கூரை ஓட்டையும் அடுக்கினால் போதும். கோமாளி மீன் இவற்றில் ஒளிந்துகொள்ளும், முட்டையும் இடும். கடலில் அது கடல் சாமந்தியோடு சேர்ந்து வாழ்ந்தாலும், தொட்டியில் அது இல்லாமலே நன்றாக வளர்கிறது. மீனையும் கடலில் பிடித்ததாக வாங்கத் தேவையில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபத்திலும் கேரளத்து விழிஞ்ஞத்திலும் கோமாளி மீனைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யும் முறையை உருவாக்கியுள்ளது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியக் கடல்களில் சயனைடு தெளித்து மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் உண்டு. அதில் பாறையும் சாகிறது. எனவே பொரிப்பகக் குஞ்சா என்று கேட்டு வாங்க வேண்டும். அது தொட்டித் தீனிக்கும் பழகியிருக்கும். 200 லிட்டர் தொட்டிக்கு ஒரு ஜோடி போதும்.

ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு உள்ளது. சமையல் உப்பு இதற்கு உதவாது. மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் சேர்ந்த கடல் உப்புக் கலவை தேவை. ஆழ்துளைக் கிணற்று நீரில் ஏற்கெனவே உப்பு மிகுதி. ஆர்.ஓ. இயந்திரமோ ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் முதல் மழைகள் மாடியைக் கழுவிப் போனபின் பிடிக்கும் மழை நீரை மூடிவைத்து, கரி வடிகட்டி வழியே விட்டுப் பயன்படுத்துவது சிறந்தது. பால்மானி போலவே மிதக்கும் அடர்த்திமானியில் 1.023 முதல் 1.025 வரை காட்டினால் உப்பின் அளவு சரி.

நீர் நிரப்பிய அன்றே மீனை விடக் கூடாது. வயலில் இட்ட யூரியா அம்மோனியாவாகி, நுண்ணுயிரால் நைட்ரேட்டாக மாறுவதை விவசாயிகள் அறிவர். தொட்டியிலும் அதே வேலைதான் நடக்கிறது. சிறு இறால் துண்டு ஒன்றைப் போட்டு அழுகவிட்டு, அந்த நுண்ணுயிர்கள் பெருக 4 முதல் 6 வாரம் பொறுக்க வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் அற்றுப்போனதைச் சோதித்த பிறகே மீன்.

சித்திரை வெயிலுக்குத் தொட்டியை மேற்குச் சுவரோரம் வைக்கலாகாது. நீர் 26 முதல் 28 டிகிரி செல்சியஸ் இருப்பது நல்லது. நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறி ஓடினால் சூடு தணியும். குளிரூட்டும் இயந்திரத்தின் மின் செலவு மிச்சம். ஆவியாகிப் போவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கும். ஆகவே குறைந்த அளவை நல்ல நீரால் நிரப்ப வேண்டும், உப்பு நீரால் அல்ல. பலர் தவறுவது இங்கேதான்.

இனி, கழிவு நீர். 15 நாளுக்கு ஒருமுறை 20 லிட்டர் மாற்றினால் ஒவ்வொரு முறையும் 700 கிராம் உப்பு வெளியேறும். ஆண்டுக்குச் சுமார் 17 கிலோ. இதைத் தென்னை அடியிலோ, மல்லிகைப் பாத்தியிலோ, கால்வாயிலோ ஊற்றிவிட்டால் மண்ணும் கிணறும் கெடும். தோல் பதனிடும் கழிவால் கிணறு உவர்த்துப்போன வேதனை திண்டுக்கல் சுற்றுவட்டாரத்துக்குப் புதியதல்ல. வீட்டுத் தொட்டியின் அளவு சிறிதுதான். ஆனாலும் ஒரே பாத்தியில் ஆண்டுக்கணக்கில் ஊற்றினால் அது சிறிதல்ல.

தூத்துக்குடி உப்பளத்தைப் பார்த்து ஒரு வழி செய்யலாம். ஆழமில்லாத அகன்ற பிளாஸ்டிக் தட்டில் ஊற்றி மாடியில் வெயிலில் வைத்தால் நீர் வற்றி உப்பு படியும். அது உணவுக்கும் ஆகாது, மீண்டும் தொட்டிக்கும் ஆகாது. மூட்டையில் கட்டி வைத்திருந்து கடற்கரைக்குப் போகும்போது கடலில் கரைத்துவிடலாம். காயவைக்காத தொட்டி நீரையோ, வேண்டாத மீனையோ கடலில் விடக் கூடாது, நோய் தொற்றும். கோமாளி மீன் பத்து ஆண்டுகளுக்கு மேலும் உயிர் வாழக்கூடியது. வளர்க்க முடியாமல் போனால் வேறொரு கடல் மீன் தொட்டி வைத்திருப்பவரிடமே அதை ஒப்படைக்க வேண்டும்.