சுட்டியும் கையும்: திரையில் இலக்கடைதல் பற்றிய சில சிந்தனைகள்

கருவிகளின் வரலாற்றை மனித உழைப்பின் வரலாற்றிலிருந்து பிரித்து நோக்குதல் இயலாது. 'மவுஸ்' எனப் பெருவழக்கிலுள்ள சுட்டியினால் கணினித் திரையில் ஓர் இலக்கைத் தொடும் சிறு செயலுக்கும் இது பொருந்தும்.

1954 இல் அமெரிக்க உளவியலாளர் போல் பிற்ஸ், இரு உலோகத் தகடுகளைக் கோலொன்றினால் மாறிமாறித் தொடச்செய்து கையசைவின் நேரத்தை அளந்தார். இலக்கு தொலைவானதாகவும் சிறியதாகவும் அமையுந்தோறும் அதனை அடையும் நேரம் கூடும் என்பது அவர் வகுத்த விதியின் சாரமாகும். 1968 இல் டக்ளஸ் ஏங்கல்பாட் சுட்டியைப் பொதுமேடையில் இயக்கிக் காட்டினார். செரொக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்ருவேட் காட் முதலியோர் 1978 இல் வெளியிட்ட ஆய்வு, சுட்டியும் அவ்விதிக்கு அமைவதைக் காட்டியது. அதன் வேகத்துக்கு எல்லை வகுப்பது கருவியன்று, மனித உடலே என்பது அதனாற் புலனாயிற்று.

இம்முடிவு மனங்கொளத்தக்கது. கையை மேலும் விரைவுபடுத்த இயலாதெனின், தொலைவைக் குறைத்தலும் இலக்கைப் பெரிதாக்குதலுமே எஞ்சும் வழிகள். விரைந்து அசைத்தால் திரைக்குறி நெடுந்தூரம் பாய்வதும், மெல்ல அசைத்தால் நுணுகி நகர்வதும் இன்று நாம் அன்றாடம் கையாளும் உத்தியாகும். 2005 இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரோஸ்மன், பாலகிருஷ்ணன் ஆகியோர் அறிமுகஞ்செய்த குமிழ்க்குறி, தன் வட்டத்தை விரித்தும் சுருக்கியும் அண்மையிலுள்ள ஒரேயோர் இலக்கை மாத்திரம் பற்றிக்கொள்வது. எனினும் இலக்குகள் இடைவெளியின்றி நெருங்கியுள்ளவிடத்து அதனாற் பெரும்பயன் விளைவதில்லை.

விரைவு மாத்திரமே இங்கு பிரச்சினையன்று. 1997 இல் வெளியான ஓர் ஆய்வில், பரந்த பரப்புடைய குறியும், இலக்கின்மேற் செல்லும்போது வேகந் தணியும் அமைப்பும் இணைந்து, சிறிய இலக்குகளை அடைய முதியோர்க்கு வேண்டிய நேரத்தைக் கணிசமாகக் குறைத்தன. ஆகவே, முதியோரின் 'தளர்ச்சி' எனக் கொள்ளப்பட்டதில் ஒரு பகுதி திரையமைப்பின் குறைபாடே எனலாம்.

ஆயினும் மேசைக்கணினியின் வழமையான குறி இன்றும் சிறு அம்புமுனையே. எவருடைய கை அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது என்பது வெறும் தொழில்நுட்ப வினாவன்று. அது சமூக வினா. நடுங்கும் கையையுடையவரும் அலுவலகத்தில் உழைக்கிறார், நூலகத்தில் கற்கிறார். மனிதனைக் கருவிக்கேற்ப வளைப்பதா, கருவியை மனிதனுக்கேற்ப அமைப்பதா என்ற பழைய வினாவே இச்சிறு திரையிலும் நம்மை எதிர்கொள்கிறது.