பாதி ஞாபகத்தில் இருக்கும் வசனத்தைத் தேடுவது எப்படி?

போன மாதம் சித்தப்பா இறந்துபோனார். ஸ்தோத்திரக் கூட்டத்துக்கு ஒரு நினைவு அட்டை அடிக்கணும். படம், பிறப்பு, இறப்பு, கீழே ஒரு வசனம். அச்சகத்தில் சாயங்காலம் ஆறு மணிக்குள் மேட்டர் வேணும்னு சொல்லிவிட்டார்கள். எந்த வசனம் என்று அப்பாவிடம் கேட்டேன். அவருக்கு 78 வயது.

"ஏய்யா, தகப்பன் பிள்ளையச் சுமக்கிற மாதிரி, நரைக்கிற வரைக்கும் சுமப்பேன்னு ஒண்ணு வருமே. எங்கப்பா ஜெபத்துல தினமும் சொல்லுவாரு. அதப் போடு."

எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. ஏசாயாவா சங்கீதமா என்றால் "ரெண்டுல ஒண்ணு" என்றார். மொபைலில் இருந்த வேதாகம செயலியில் அப்பா சொன்ன சொற்களை அப்படியே தட்டினேன். முடிவுகள்: 0.

அன்றைக்கு மதியம் நான் செய்ததையும் அதில் புரிந்துகொண்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன். வசனத்துக்கு மட்டுமல்ல, பாதி நினைவில் இருக்கும் எந்தத் தமிழ் வரியைத் தேடுவதற்கும் இது பொருந்தும்.

சரியான சொல் தெரிந்தால்தான் கிடைக்கும்

வேதாகமத்தில் தேடுவது கணினிக்கு முன்பே இருந்த பிரச்சினை. லண்டனில் அலெக்சாண்டர் க்ரூடன் 1737-ல் ஆங்கில வேதாகமத்துக்கு ஒரு சொல்லடைவு வெளியிட்டார். எந்தச் சொல் எந்தெந்த வசனத்தில் வருகிறது என்ற பட்டியல். 1890-ல் ஜேம்ஸ் ஸ்ட்ராங் இன்னும் முழுமையான ஒன்றைக் கொண்டுவந்தார். இன்றைக்குச் செயலிகளில் இருக்கும் சாதாரணத் தேடலும் அடிப்படையில் இதே சொல்லடைவுதான், வேகம் மட்டும் கூடியிருக்கிறது. சொல் சரியாகத் தெரிந்தால் கிடைக்கும். தெரியாவிட்டால் பூஜ்யம்.

ஞாபகம் அப்படி வேலை செய்வதில்லை. நமக்கு ஒரு படம் நினைவிருக்கும், இரண்டு சொற்கள் நினைவிருக்கும், மீதியை நாமே நிரப்பிக்கொள்வோம். அதனால்தான் தோராயத் தேடல் தேவைப்படுகிறது.

முதல் வழி: எத்தனை திருத்தம்?

1965-ல் விளாதிமிர் லெவன்ஷ்டைன் என்ற ரஷ்யக் கணிதவியலாளர் ஒரு அளவை முன்வைத்தார். ஒரு சொல்லை இன்னொன்றாக மாற்ற எத்தனை எழுத்தைச் சேர்க்கணும், நீக்கணும், மாற்றணும்? அந்த எண்ணிக்கைதான் இரண்டுக்கும் இடையிலான தூரம். கட்டற்ற மென்பொருளான ஸ்வோர்ட் ப்ராஜெக்ட், அதன் ஜாவா வடிவத்தில் ஓடும் ஆண்ட்பைபிள் ஆகியவற்றில் தேடலுக்கு அடியில் இருப்பது லூசீன் வகைத் தேடல் நிரல். லூசீனின் வழக்கமான எழுத்துமுறையில் ஒரு சொல்லுக்குப் பின்னால் அலைக்குறி (~) போட்டால், அதற்கு அருகில் இருக்கும் சொற்களையும் தேடும். இரட்டை மேற்கோளுக்குள் சில சொற்களைக் கொடுத்து ~5 என்று போட்டால், அவை ஒட்டி வராமல் கொஞ்சம் தள்ளித் தள்ளி வந்தாலும் எடுத்துக்கொள்ளும்.

ஆங்கிலத்துக்கு இது அழகாக வேலை செய்யும். தமிழில் இரண்டு இடத்தில் இடிக்கும்.

முதலாவது, கணினி எண்ணுவது நாம் எண்ணும் எழுத்தை அல்ல. "மேய்ப்பன்" நமக்கு ஐந்து எழுத்து: மே, ய், ப், ப, ன். யூனிகோடில் ஒன்பது குறிகள், ஏனென்றால் ஏகாரக் குறியும் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனிக் குறி. யாராவது ஒற்றை விட்டுவிட்டு "மேய்பன்" என்று தட்டினால், நமக்கு ஒரு எழுத்துப் பிழை, கணினிக்கு இரண்டு. லூசீனின் 4.0-க்குப் பிந்தைய பதிப்புகளில் இந்தத் தேடலுக்கு அதிகபட்சம் இரண்டு திருத்தம்தான். ஒரே ஒரு ஒற்றுப் பிழையிலேயே கோட்டா முடிந்துவிடும்.

இரண்டாவது, தமிழ்ச் சொல் ஒட்டிக்கொண்டே போகும். 23-ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தைத் தேட யாராக இருந்தாலும் "மேய்ப்பன்" அல்லது "மேய்ப்பர்" என்றுதான் தட்டுவார்கள். பழைய மொழிபெயர்ப்பில் அங்கே இருக்கும் சொல் "மேய்ப்பராயிருக்கிறார்". பதினொரு எழுத்து. எழுத்துக் கணக்கில் "மேய்ப்பன்" இதிலிருந்து ஏழு திருத்தம் தள்ளி நிற்கிறது. வேதாகமத்திலேயே மிகப் பிரபலமான வசனங்களில் ஒன்றை இந்த வழி தவறவிடுகிறது.

இரண்டாவது வழி: துண்டு துண்டாக

சொல்லை இரண்டிரண்டு எழுத்துத் துண்டுகளாக வெட்டிப் பார்க்கலாம். "மேய்ப்பன்" என்றால் மேய், ய்ப், ப்ப, பன் என்று நான்கு துண்டு. அதில் மூன்று "மேய்ப்பராயிருக்கிறார்" சொல்லுக்குள் இருக்கின்றன. நான் தட்டியதில் நான்கில் மூன்று பங்கு அங்கே இருக்கிறது என்று எண்ணினால் 0.75 மதிப்பெண். விகுதி எவ்வளவு நீண்டாலும் கவலையில்லை. வெட்டும்போது யூனிகோட் குறிகளாக வெட்டாமல், உயிர்மெய்யை ஒரே எழுத்தாக வைத்து வெட்டணும். அதுதான் முக்கியம்.

இதற்கு முன்னால் கொஞ்சம் சுத்தம் செய்யும் வேலை இருக்கிறது:

1. ஒரே எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். "கொ" என்பதில் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் இருக்கலாம், இரண்டு குறிகளாகவும் இருக்கலாம். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றணும். ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் "ள"வும் தட்டுகிறவர்களும் உண்டு, அதைத் தனியாகத்தான் சரிசெய்யணும்.

2. சந்தி. "பிள்ளையை" என்று தேடினால் "பிள்ளையைச்" வராது, ச் ஒட்டியிருக்கிறதே. ஆனால் தமிழ்ச் சொற்கள் இயல்பாக க், ச், த், ப் என்ற ஒற்றுகளில் முடிவதில்லை. ஆகவே சொல்லின் கடைசியில் இந்த நான்கில் எது இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிடலாம். ஒரே வரி நிரல், பெரிய பலன்.

3. ர/ற, ல/ள/ழ, ந/ன/ண குழப்பம். பேச்சை வைத்துத் தட்டும்போது இது நடக்கும். 1918-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் முறை, ஒலி ஒத்த ஆங்கிலப் பெயர்களை ஒரே குறியீட்டில் அடைத்தது. நானும் அதைப்போல எல்லா "ன"வையும் ஒன்றாக்கினேன். உடனே "நரை" தேடினால் "மன்னரை" வந்து நின்றது! மறுபடி யோசித்து, அப்படியே பொருந்தினால் முழு மதிப்பெண், ஒலியால் மட்டும் பொருந்தினால் பாதி என்று மாற்றினேன். சொல்லின் தொடக்கத்தில் பொருந்தினால் கொஞ்சம் கூடுதல்.

எந்த மொழிபெயர்ப்பு?

நிரலை ஓட்டுவதற்கு முன் ஒரு கேள்வி பாக்கி. ஞாபகத்தில் இருக்கும் சொல் எந்த மொழிபெயர்ப்பின் சொல்? சீகன்பால்கு காலத்திலிருந்து தமிழில் பல மொழிபெயர்ப்புகள். புராட்டஸ்டன்ட் வீடுகளில் பெரும்பாலும் புழங்குவது 1871-ல் வந்த பவர் மொழிபெயர்ப்பின் வழி வந்தது. 1995-ல் கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் சொற்கள் வேறு. இங்கே கர்த்தர், அங்கே ஆண்டவர். இங்கே பரிசுத்த ஆவி, அங்கே தூய ஆவி. பழைய கத்தோலிக்க வழக்கில் பேதுரு இராயப்பர், பவுல் சின்னப்பர். தப்பான பதிப்பில் எவ்வளவு சாமர்த்தியமாகத் தேடினாலும் வீண். தாத்தா வாசித்தது பழைய மொழிபெயர்ப்பு. அதில் தேடினேன்.

கிட்டத்தட்ட செய்த தப்பு

அப்பா சொன்னதிலிருந்து ஐந்து துண்டு எடுத்தேன்: நரை, சும, பிள்ளை, தகப்ப, போல. முழுச் சொல்லைவிட அடிச்சொல் நல்லது. "சும" என்று கொடுத்தால் சுமந்து, சுமப்பேன், சுமக்க எல்லாம் மாட்டும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மதிப்பெண் என்று வைத்து ஓட்டினேன்.

மேலே நின்றவற்றில் முதலில் கண்ணில் பட்டது எண்ணாகமம் 11:12. தகப்பன் இருக்கிறது, சுமப்பது இருக்கிறது, போல இருக்கிறது. ஐந்துக்கு மூன்று. மணி நாலே முக்கால். அச்சகத்துக்கு வாட்ஸாப்பில் "எண்ணாகமம் 11:12" என்று தட்டியே விட்டேன். அனுப்பும் முன், சும்மா ஒரு தடவை வசனத்தை முழுசாக வாசித்தேன்.

அது மோசே கடவுளிடம் குறைபட்டுக்கொள்ளும் இடம். இந்த ஜனத்தையெல்லாம் நானா பெற்றேன், தகப்பன் குழந்தையைத் தூக்குவதுபோல நான் ஏன் தூக்கிக்கொண்டு போகணும் என்று சலித்துக்கொள்கிறார். சித்தப்பாவுக்குக் கடைசி மூன்று வருஷம் படுக்கை. சித்திதான் எல்லாம் பார்த்துக்கொண்டார். அவர் கையில் அந்த அட்டையைக் கொடுத்திருந்தால்?

தோராயத் தேடலின் குணம் இது. சாதாரணத் தேடல் தெரியாவிட்டால் "இல்லை" என்று சொல்லிவிடும். தோராயத் தேடல் எப்போதும் ஏதாவது ஒன்றை முதலிடத்தில் வைக்கும். சொற்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். பொருள் நேர் எதிராக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

அரிய சொல்லுக்கு அதிக எடை

நிரலில் ஒரு தப்பும் இருந்தது. எல்லாச் சொல்லுக்கும் ஒரே எடை கொடுத்திருந்தேன். தகப்பனும் பிள்ளையும் வேதாகமம் முழுக்க வருவார்கள், வம்ச வரலாறுகள் அத்தனை இருக்கிறதே. "நரை" அபூர்வம். 1972-ல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் சொன்ன யோசனை இதற்குத்தான்: ஒரு சொல் எவ்வளவு குறைந்த இடத்தில் வருகிறதோ அவ்வளவு எடை. புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் சுமார் 31,100 வசனங்கள். ஒரு சொல் 6,000 வசனத்தில் வருகிறது, இன்னொன்று 10 வசனத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாவதன் விகிதம் சுமார் 5, இரண்டாவதன் விகிதம் 3,110. இதன் மடக்கையை (அடிமானம் 2) எடுத்தால் எடை முறையே 2.4, 11.6.

கூடவே, வசனத்தைத் தனித்தனியாகப் பார்க்காமல் மூன்று மூன்றாகவும் சேர்த்துப் பார்க்கச் சொன்னேன். வசன எண்கள் மூல நூலில் இல்லாதவை. இன்று புழங்கும் எண்களைப் புதிய ஏற்பாட்டுக்கு ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர் 1551-ல்தான் போட்டார். நம் ஞாபகம் அந்தக் கோடுகளில் நிற்காது.

இந்தத் தடவை முதலில் வந்தது ஏசாயா 46:4. அதில் "நரைவயதுமட்டும்" என்று இருக்கிறது. இந்த "மட்டும்" பழைய தமிழில் "வரைக்கும்" என்று பொருள்படும். "சுமப்பேன்" என்ற சொல்லும் இருக்கிறது. ஆனால் தகப்பன் இல்லை, பிள்ளை இல்லை. கொஞ்சம் கீழே உபாகமம் 1:31. அங்கே பிள்ளையைச் சுமக்கும் படம் அப்படியே இருக்கிறது, ஆனால் சுமப்பவர் "மனிதன்", நரை கிடையாது. ஐந்து துண்டும் சேர்ந்து வரும் இடம், மூன்று வசனம் சேர்த்துப் பார்த்தும், எங்கேயும் இல்லை.

அப்பா சொன்ன வசனம் வேதாகமத்தில் கிடையாது. தாத்தா இரண்டு இடங்களை ஒட்டி ஜெபத்தில் சொல்லியிருக்கிறார். இல்லையென்றால் எழுபது வருஷத்தில் அப்பாவின் ஞாபகம் ஒட்டிக்கொண்டது.

ஆகவே தேடுகிறவர்களுக்கு என் பரிந்துரை: பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். அடிச்சொற்களை மட்டும் கொடுங்கள். ஞாபகத்தில் இருப்பதில் எது அபூர்வமான சொல்லோ அதில் தொடங்குங்கள். வந்த முடிவை முன்னும் பின்னும் மூன்று வசனம் வாசித்துவிட்டு எடுங்கள். எல்லாத் துண்டும் ஒரே இடத்தில் பொருந்தாவிட்டால், நீங்கள் தேடுவது ஒரு வசனமாக இல்லாமல் இருக்கலாம்.

அப்பாவிடம் இரண்டையும் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்ப தகப்பன்கிறது எங்கப்பா சேத்ததா?"

"தெரியலப்பா. இருக்கலாம்."

"சரி. அட்டையில ஏசாயாவப் போடு. தகப்பன நான் கூட்டத்துல சொல்லிக்கிடுறேன்."

ஐந்து ஐம்பதுக்கு அச்சகத்துக்கு அனுப்பினேன்.