கண்ணாடி போட்டும் 3டி தெரியலையா? கண்ணைக் கொஞ்சம் கவனிங்க!

பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவில் இருக்கிறது அக்காள்மடம். உச்சி வெயிலில் கரையில் நின்று கடலைப் பார்த்தால் கண் கூசும். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு பார்த்தால் கூச்சம் அடங்கிவிடும். ஆழம் குறைந்த இடமென்றால் தண்ணீருக்குள் கிடப்பதும் தெரியும். தியேட்டரில் 3டி படம் காட்டுவதும் இதே தந்திரம்தான். வீட்டிலும் செய்து பார்க்கலாம். அப்படிச் செய்யும்போது, உங்கள் குழந்தையின் கண்ணைப் பற்றி முக்கியமான ஒரு விஷயமும் தெரியவரலாம்.

ராமன் பார்த்த கடல்

ஒளி எல்லாத் திசையிலும் அதிர்ந்தபடி வருகிறது. தண்ணீரில் பட்டுத் திரும்பும்போது, அதில் பெரும்பகுதி படுக்கைவாட்டில் அதிர்கிறது. போலரைஸ்டு கண்ணாடி செங்குத்தாக அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும். அதனால் கூச்சம் குறைகிறது. பள்ளிப் பாடத்தில் இதற்குத் தளவிளைவு என்று பெயர்.

1921-ல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிய சி.வி.ராமன், இதை வைத்துத்தான் கடலை ஆராய்ந்தார். நிக்கோல் பட்டகம் வழியாகப் பார்த்து, மேற்பரப்பில் பிரதிபலிக்கும் வெளிச்சத்தை விலக்கினார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது. கடலின் நிறம் வானத்தின் பிரதிபலிப்பு மட்டும்தான் என்ற எண்ணத்தை அவர் மறுத்தார்.

குட்டிச்சாத்தான் வந்த கதை

நம் இரண்டு கண்களுக்கும் இடையே சுமார் ஆறு, ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி உண்டு. அதனால் இரண்டும் பார்ப்பது சற்றே வேறு வேறு படங்கள். அவற்றை மூளை ஒன்றாக்கும்போதுதான் ஆழம் தெரிகிறது. 1838-லேயே இதை விளக்கிக் கருவியும் செய்து காட்டியவர் சார்லஸ் வீட்ஸ்டன்.

இந்தியாவின் முதல் 3டி படம் 1984-ல் வந்த மலையாளப் படம் 'மை டியர் குட்டிச்சாத்தான்'. நவோதயா அப்பச்சன் தயாரிக்க, அவர் மகன் ஜிஜோ இயக்கினார். ஒளிப்பதிவு, 'ஜானி', 'உதிரிப்பூக்கள்' படங்களின் அசோக்குமார். அடுத்த ஆண்டே விஜயகாந்த் நடித்த 'அன்னை பூமி' தமிழில் 3டியாக வந்தது.

வீட்டில் எப்படிச் செய்வது?

முதலில் படம் வேண்டும். மொபைலில் ஒரு படம் எடுங்கள். பிறகு மொபைலை ஆறு சென்டிமீட்டர் வலப்பக்கம் நகர்த்தி இன்னொன்று. எதிரில் இருக்கும் பொருள் எவ்வளவு தூரமோ, அதில் 30-ல் ஒரு பங்கு நகர்த்தினால் போதும் என்பது பழைய கணக்கு. இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும் பொருளுக்கு ஆறேழு சென்டிமீட்டர். 300 மீட்டர் தள்ளித் தெரியும் பாலத்துக்கோ 10 மீட்டர் நடக்க வேண்டும்! ஆடும் படகு, அலை எல்லாம் சரிவராது. இரண்டு படத்துக்கும் நடுவில் அவை நகர்ந்துவிடும்.

அடுத்து, ஒரே மாடல் பழைய எல்.சி.டி. மானிட்டர்கள் இரண்டு. பழைய மானிட்டர்கள் பலவற்றில் ஒளி 45 டிகிரி சாய்ந்தே வெளிவரும். போலரைஸ்டு கண்ணாடியைத் திரைக்கு முன்னால் சுழற்றுங்கள். சாய்ந்த நிலையில் திரை கறுத்தால் அது நமக்கு ஆகும்.

ஒன்றை நிமிர்த்தி வையுங்கள். மற்றதை அதன் முன்னால், திரை மேலே பார்க்க, மேல்விளிம்பு உங்கள் பக்கம் வரும்படி படுக்க வையுங்கள். இரண்டும் சேரும் மூலையிலிருந்து உங்களை நோக்கி 45 டிகிரி சாய்வாக, பாதி வெளிச்சத்தை விட்டு பாதியைத் திருப்பும் பீம் ஸ்ப்ளிட்டர் கண்ணாடியை நிறுத்துங்கள். ஜன்னல் கண்ணாடியில் பிம்பம் மங்கிவிடும். படுத்திருக்கும் திரையின் படத்தை மட்டும் இடவலம் மாற்றிப் போட வேண்டும்.

பிரதிபலிக்கும்போது ஒளியின் சாய்வு எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். அதனால் கூடுதல் ஃபில்டர் எதுவும் வேண்டாம். இரண்டு கண்ணும் எதிரெதிராக 45 டிகிரி சாய்ந்த நேர்கோட்டு வகைக் கண்ணாடி போதும். இன்றைய தியேட்டர்கள் பலவற்றில் தரும் வட்ட வகைக் கண்ணாடி இதற்கு உதவாது. மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தெரிந்தால் இரண்டு படங்களையும் இடம் மாற்றுங்கள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே!"

வீட்டில் எல்லோருக்கும் படம் முன்னால் வந்து நிற்க, ஒரு குழந்தை மட்டும் இப்படிச் சொல்கிறதா? விளையாட்டுக்குச் சொல்கிறது என்று விட்டுவிடாதீர்கள். 3டி தெரிய இரண்டு கண்ணும் ஒன்றுசேர்ந்து வேலை செய்ய வேண்டும். மாறுகண், இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசம், 'சோம்பேறிக் கண்' போன்றவை இருந்தால் மூளை ஒரு கண்ணின் படத்தை ஒதுக்கிவிடும். பிறந்ததிலிருந்தே அப்படிப் பார்க்கும் குழந்தைக்குக் குறை இருப்பதே தெரியாது. மற்ற கண்ணை வைத்துப் படிக்கும், ஓடும், விளையாடும். பெற்றோருக்கும் சந்தேகமே வராது.

கண் மருத்துவர்களும் இதே போலரைஸ்டு கண்ணாடியைப் பயன்படுத்துகிறார்கள். டிட்மஸ் என்ற சோதனையில் பெரிய ஈ ஒன்றின் படத்தைக் காட்டி, "இறக்கையைப் பிடி" என்பார்கள். ஆழம் தெரியும் குழந்தை படத்துக்கு மேலே, காற்றில் பிடிக்கப் போகும். தெரியாத குழந்தை தாளைத் தொடும்.

வீட்டுப் பரிசோதனையை வைத்து நோய் இருக்கிறது என்றோ இல்லை என்றோ முடிவுகட்டக் கூடாது. சந்தேகம் வந்தால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். சரியான பவர் கண்ணாடி, நன்றாகத் தெரியும் கண்ணைச் சில மணி நேரம் மூடிவைப்பது போன்ற எளிய சிகிச்சைகள் உண்டு. ஏழு வயதுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். வயது ஏற ஏறச் சரிசெய்வது கடினம். அதனால் பள்ளியில் சேர்ப்பதற்கு முன்பே ஒரு முறை கண்ணைப் பரிசோதித்துவிடுவது நல்லது.