மார்பகப் புற்றுநோய்: ஒளிந்திருப்பதைக் காட்டும் வெளிச்சம்!

மார்பகத்தை முழுவதுமாக எடுக்காமல், கட்டியையும் அதைச் சுற்றியுள்ள கொஞ்சம் திசுவையும் மட்டும் நீக்கும் அறுவை சிகிச்சை இன்று பரவலாகிவிட்டது. அதில் ஒரு சங்கடம் உண்டு. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த சில நாள்களில், 'வெட்டிய ஓரத்தில் புற்றுச் செல்கள் இருக்கின்றன' என்று லேப் ரிப்போர்ட் சொல்லும். மறுபடியும் ஆபரேஷன் தியேட்டர்! அமெரிக்காவில் சுமார் ஐந்தில் ஒரு பெண்ணுக்கு இந்த நிலை.

இதற்காகத்தான் 'லூமிசைட்' என்ற மருந்தை 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதித்தது. சில மணி நேரம் முன்பே நரம்பில் ஊசியாகப் போடுகிறார்கள். புற்றுக்கட்டியில் அதிகமாக இருக்கும் சில என்சைம்கள் மருந்தை உடைக்க, அது ஒளிரும் தன்மை பெறுகிறது. கட்டியை எடுத்த குழிக்குள் டாக்டர் கையடக்கக் கருவியை வைத்துப் பார்த்தால், சந்தேகமான இடம் திரையில் தெரியும். அதையும் அப்போதே எடுத்துவிடலாம்.

357 பெண்களிடம் நடந்த ஆய்வில், வழக்கமான அறுவை சிகிச்சை முடிந்த பிறகும் 27 பேருக்கு மிச்சமிருந்த புற்றை இது காட்டிக்கொடுத்தது. ஆனாலும், மிச்சமிருந்த இடங்களில் ஏறக்குறைய பாதி இதன் கண்ணுக்குத் தப்பிவிட்டன. சிலருக்கு உயிருக்கே ஆபத்தான அலர்ஜி வரலாம் என்ற எச்சரிக்கையும் மருந்தோடு சேர்ந்தே வருகிறது. ஆக, லேப் பரிசோதனைக்கு இது மாற்று இல்லை.

சரி, வெளிச்சத்தாலேயே புற்றை அழிக்க முடியாதா? 'போட்டோடைனமிக் தெரபி' செய்வது அதைத்தான். மார்பில் தோல்மீது திரும்ப வந்த புற்றுக்கு 1970-களிலேயே அமெரிக்காவில் முயன்றிருக்கிறார்கள். ஆனால், வெளிச்சம் உடலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான் வலுவாகப் போகும். நோய் திரும்பாமல் தடுக்கும் வழக்கமான சிகிச்சையாக அது இன்னும் ஆகவில்லை.

நம்மூரில் 'கரன்ட் வைப்பது' என்கிறார்களே, அந்தக் கதிர்வீச்சு வேறு. 10,801 பெண்களின் தகவல்களை அலசி 2011-ல் வெளியான ஆய்வின்படி, மார்பகத்தைக் காக்கும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு 10 ஆண்டுகளுக்குள் நோய் திரும்பும் வாய்ப்பை அது 35 சதவிகிதத்திலிருந்து 19 சதவிகிதமாகக் குறைத்தது. 'சிவப்பு விளக்கு போதும்' என்று யாராவது சொல்வதைக் கேட்டு இதைத் தள்ளிப்போடுவது ஆபத்து.

சிவப்பு விளக்குக்கும் ஒரு வேலை இருக்கிறது. கதிர்வீச்சால் தோல் சிவந்து புண்ணாவதைக் குறைக்க, குறைந்த சக்தி ஒளியை மருத்துவமனைகளில் பயன்படுத்துகிறார்கள். அது தோலுக்கான வைத்தியம், புற்றுக்கானது அல்ல.