சாய்ப்பு இறக்கும் முன்

வீட்டுக்கு முன்னாலோ பின்னாலோ கூரை இறக்கி ஒரு தாழ்வாரம் எடுக்கிறோம். மாலையில் காபியோடு உட்காரலாம், மழையைப் பார்க்கலாம் என்றுதான் ஆசைப்படுகிறோம். வருடம் திரும்புவதற்குள் அங்கே கொடியில் துணி காய்கிறது, ஓரத்தில் சைக்கிள் நிற்கிறது, ஆள் மட்டும் உட்காருவதில்லை. டைல்ஸும் விளக்கும் பார்த்துப் பார்த்து வாங்கியவர்கள், வெயில் எந்தப் பக்கம் வரும், சாரல் எதுவரை அடிக்கும் என்று யோசிக்காமல் விட்டிருப்பார்கள். கூரையின் வெளி விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது: முதலில் முடிவு செய்ய வேண்டியவை இந்த இரண்டு அளவுகள்.

தமிழ்நாட்டில் தெற்குப் பக்கத்தைச் சமாளிப்பது சுலபம். டிசம்பர் கடைசியில் சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்திருக்கும்போதுகூட, சென்னையில் உச்சிவேளையில் அடிவானத்திலிருந்து 53 டிகிரி உயரத்தில் நிற்கும். விளிம்பு ஏழரை அடி உயரத்திலும் தாழ்வாரம் 6 அடி அகலத்திலும் இருந்தால் அந்த நண்பகல் வெயில் வீட்டுச் சுவரைத் தொடாது. கன்னியாகுமரிப் பக்கம் சூரியன் இன்னும் மேலே நிற்பதால் இந்த அளவு தாராளமாகப் போதும். வடக்குப் பக்கம் இதைவிட நல்லது. கோடை மாதங்களில் காலையிலும் மாலையிலும் கொஞ்சம் சாய்வெயில் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான்.

மேற்குதான் கஷ்டம். மாலை 4 மணிக்குச் சூரியன் 30 டிகிரியை ஒட்டி இறங்கிவிடுகிறது. அதே ஏழரை அடி விளிம்புக்கு அடியில் புகும் வெயில் தரையில் சுமார் 13 அடி வரை நீளும். அதாவது 8 அடி அகலத் தாழ்வாரம் முழுவதும் வெயிலில் கிடக்கும், சுவரின் அடிப்பகுதியும் சுடும். கூரையை இன்னும் நீட்டி இதைச் சரிசெய்ய முடியாது. சுருட்டி ஏற்றி இறக்கும் மூங்கில் தட்டியோ, பந்தலில் படரவிட்ட கொடியோ, சற்றுத் தள்ளி ஒரு வேப்பமரமோதான் வழி. இடம் அனுமதித்தால் மேற்கைத் தவிர்த்துவிடுவதே என் யோசனை.

கிழக்கு மாலையில் அருமையான நிழல் தரும். கடற்கரை ஊர்களில் பிற்பகல் கடற்காற்றும் அந்தப் பக்கமிருந்துதான் வரும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையின் சாரலும் அதே வழியாக வரும். பலத்த காற்றில் மழை 45 டிகிரி சாய்ந்து அடித்தால், விளிம்பு எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் உள்ளே நனையும். வெளி ஓரத்தில் ஒன்றரை அடி உயரத்துக்கு, 2 அடி அகலத்தில் ஒரு கட்டைச் சுவர் எழுப்பினால், தரையில் விழுந்து தெறிக்கும் நீரை அது தடுக்கும். மற்ற நாட்களில் அதுவே திண்ணை. நாற்காலி வாங்கும் செலவும் குறையும்.

கூரைக்கு என்ன போடுவது? சீமை ஓடுதான் எனக்குப் பிடித்தது. மழைச் சத்தம் இதமாகக் கேட்கும், ஓட்டிடுக்கில் சூடு வெளியேறும். ஆனால் அதற்கு இரண்டடிக்கு ஓரடி வாட்டம் வேண்டும். சுவரில் பத்தரை அடி உயரத்தில் சாய்ப்பைத் தொடங்கி 8 அடி அகலம் எடுத்தால், 4 அடி இறங்கி விளிம்பு ஆறரை அடியில் வந்து நிற்கும். உயரமானவருக்குத் தலை தட்டுவதுபோல் இருக்கும். 6 அடி அகலமென்றால் 3 அடிதான் இறக்கம்; விளிம்பு சரியாக ஏழரை அடியில் அமையும். அதைவிட அகலம் தேவையென்றால் தகடு போடலாம், அதற்கு ஓரடி இறக்கம் போதும். தகட்டை அப்படியே விட்டால் பகலில் அனலாக இறங்கும், மழையில் பேச்சே கேட்காது. அடியில் கொஞ்சம் காற்றிடைவெளி விட்டுப் பலகையோ மூங்கில் பாயோ அடிப்பது அவசியம்.

எந்தக் கூரையானாலும் அது வீட்டுச் சுவரோடு சேரும் இடத்தில்தான் முதலில் ஒழுகும். சுவரில் காடி வெட்டி, அலுமினியத் தகட்டின் ஒரு விளிம்பை உள்ளே செருகிப் பூசி, மறு விளிம்பைக் கூரைமேல் மடித்துவிடச் சொல்லுங்கள். மேலே வெறும் சிமென்ட் மெழுகினால் இரண்டாம் மழைக்காலத்தில் விரிசல் விடும். மழைநீர் போகும் வழியும் முக்கியம்: 8 அடிக்கு 15 அடிக் கூரையில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் பெய்தால் சுமார் 550 லிட்டர் இறங்கும். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாடு முழுவதும் 2003 முதல் கட்டாயம். இந்தக் கூரையின் குழாயையும் வீட்டின் மழைநீர்த் தொட்டியோடு இணைத்துவிடலாம்.

தாழ்வாரம் வீட்டின் பகுதியாவது வாசலில்தான். ஒற்றைக் கதவு வழியாகப் போனால் அது வெளியிடமாகவே இருக்கும். 5, 6 அடிக்கு இரட்டைக் கதவு வைத்தால் கூடம் அப்படியே நீளும். அடுக்களைக்கு அருகில் அமைந்தால் காய் நறுக்குவதும் சாப்பிடுவதும் தானாகவே அங்கே போய்விடும். தரை வீட்டுத் தரையைவிட ஓர் அங்குலம் தாழ்ந்திருக்கட்டும். 8 அடிக்கு இன்னோர் அங்குலம் வெளிப்பக்கம் வாட்டம் கொடுத்து, ரசமட்டம் வைத்துச் சரிபார்க்க வேண்டும். பளபளக்கும் கிரானைட் ஈரத்தில் வழுக்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் சொரசொரப்பான கடப்பாக் கல்லே நல்லது.

பின்னால் உள்ள அறை இருட்டாகிவிடும் என்பதைப் பலர் பிறகுதான் கவனிக்கிறார்கள். ஓட்டுக் கூரையில் அங்கங்கே நாலைந்து கண்ணாடி ஓடுகள் பதித்தால் வெளிச்சம் வரும். கொசுவலையைத் தாழ்வாரத்தைச் சுற்றி அடித்தால் அது இன்னோர் அறையாகிவிடும். வலையை வீட்டுக் கதவுக்குப் போட்டு, வெளியே ஒரு மின்விசிறி மாட்டுங்கள். காற்றோட்டத்தை எதிர்த்துக் கொசுவால் சரியாகப் பறக்க முடியாது. விசிறிக்கான கொக்கி, விளக்கு, ஒரு பிளக் பாயின்ட் மூன்றையும் கூரை வேலை நடக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

கொத்தனாரை அழைக்கும் முன் மனையின் எல்லையை அளந்து பாருங்கள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019, வீட்டைச் சுற்றிக் காலியாக விட வேண்டிய இடத்தை வரையறுக்கின்றன. அங்கே தூண் நட்டுக் கூரை போட்டால் பின்னால் இடிக்கச் சொல்லலாம். வரைபடத்தில் தாழ்வாரத்தையும் சேர்த்து உள்ளாட்சி அலுவலகத்தில் அனுமதி வாங்கிய பிறகு அஸ்திவாரம் தோண்டுங்கள்.